குப்பை மெயிலும் வைரஸ் மெயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த உபயோகத்துக்கு ஒரு மெயில் ஐடி வைத்திருப்பவர்களும், வீட்டுப் பெரியவர்களின் போனையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நம்மில் பெரும்பாலோரிடம் ஜிமெயில் இருப்பதால் அதை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். யாஹூவிலும் அவுட்லுக்கிலும் பட்டன்களின் பெயர் மாறும், விஷயம் மாறாது. குப்பை சேர்வது தொல்லை. கணக்கே அடுத்தவன் கைக்குப் போவது நஷ்டம். தொல்லையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நஷ்டத்தைக் கவனிக்காமல் விடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதனால் அவசரமான கேள்வி முதலில் வருகிறது.

நேற்றுவரை ஒழுங்காக இருந்த இன்பாக்ஸில் இன்று காலையிலிருந்து நூற்றுக்கணக்கில் மெயில் கொட்டுகிறது. எல்லாம் "எங்களிடம் பதிவு செய்ததற்கு நன்றி" என்கிற மாதிரி, ஏதேதோ நாட்டு மொழியில். என்ன ஆயிற்று?

எதையும் மொத்தமாக அழித்துவிடாதீர்கள். முதலில் மெயிலை அப்படியே விட்டுவிட்டு உங்கள் பாங்க் ஆப், கிரெடிட் கார்டு ஆப், பொருள் வாங்கும் தளங்கள் இவற்றைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை ஏதாவது இருக்கிறதா, புதிதாகப் பணம் பெறுபவர் யாராவது சேர்க்கப்பட்டிருக்கிறாரா, டெலிவரி முகவரி மாறியிருக்கிறதா என்று தேடுங்கள்.

காரணம் இதுதான். யாரோ உங்கள் மெயில் முகவரியை ஒரு புரோகிராம் மூலம் ஆயிரக்கணக்கான இணையதளங்களின் பதிவுப் படிவத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தத் தளங்கள் ஒவ்வொன்றும் நேர்மையானவையாகவே இருக்கலாம். எங்கோ ஒரு பூக்கடை, ஒரு பல்கலைக்கழகம், ஒரு பத்திரிகை. தங்கள் வழக்கப்படி வரவேற்பு மெயில் அனுப்புகின்றன. அதனால்தான் ஜிமெயிலின் வடிகட்டியும் அவற்றைத் தடுப்பதில்லை.

வெறும் தொந்தரவு கொடுப்பதற்காக இதைச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் பல நேரங்களில் அந்த நூற்றுக்கணக்கான மெயில்களுக்கு நடுவே நீங்கள் பார்த்துவிடக் கூடாத ஒரே ஒரு மெயில் இருக்கும். "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது", "உங்கள் பாஸ்வேர்ட் மாற்றப்பட்டது", "புதிய கருவியிலிருந்து உள்நுழைவு", இப்படி ஏதாவது. அதை மறைக்கத்தான் மற்றதெல்லாம். எரிச்சலில் எல்லாவற்றையும் தேர்வு செய்து நீங்கள் அழித்தால் அந்த ஒன்றும் சேர்ந்து போய்விடும், அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆகவே மெயிலின் தேடும் பெட்டியில் ஆர்டர், ஓடிபி, பாஸ்வேர்ட், பேமென்ட், இன்வாய்ஸ் ஆகிய சொற்களையும் உங்கள் வங்கியின் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்து, அன்றைய தேதிக்குள் வந்ததைத் தேடுங்கள். ஸ்பேம் பெட்டியிலும் குப்பைத்தொட்டியிலும் பாருங்கள். தவறான பரிவர்த்தனை கண்ணில் பட்டால் உடனே கார்டைத் தடை செய்து வங்கிக்குத் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட உத்தரவின்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் ஏதும் வராது. அந்த 3 நாளை மெயில் குவியலுக்குள் தொலைய விடக் கூடாது.

இதே நேரத்தில் "உங்கள் மெயிலில் பிரச்சினை இருப்பதைப் பார்த்தோம், சரி செய்து தருகிறோம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். மெயிலைக் கொட்டியவனே பேசுகிறான் என்றே வைத்துக்கொள்ளலாம். அவன் சொல்லும் ஆப்பை போனில் போட்டால் உங்கள் திரை முழுதும் அவனுக்குத் தெரியும், ஓடிபி உட்பட.

சரி, பணம் பத்திரமாக இருக்கிறது. இந்தக் குவியலை எப்படி ஒழிப்பது?

ஒவ்வொன்றாகத் திறந்து விலகல் (அன்சப்ஸ்கிரைப்) கொடுக்க உட்காராதீர்கள். நாளும் போகும், கண்ணும் போகும். இவற்றில் பல "உறுதி செய்யவும்" என்று கேட்கிற மெயில்களாக இருக்கும். நீங்கள் உறுதி செய்யாவிட்டால் அந்தத் தளம் மறுபடி அனுப்பாது. கொட்டுவது சில நாட்களில் தானாகக் குறையும். அதுவரை ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போட்டு, சப்ஸ்கிரிப்ஷன், நியூஸ்லெட்டர், வெல்கம் போன்ற ஆங்கிலச் சொற்கள் உள்ள மெயில்கள் இன்பாக்ஸில் நிற்காமல் தனி லேபிளுக்குப் போகும்படி செய்யுங்கள். நேராகக் குப்பைக்கு அனுப்பும்படி போட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அந்த லேபிளை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மொத்தமாக அழிக்கலாம்.

என் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? நான் யாரிடமும் கொடுக்கவில்லையே.

கொடுத்திருப்போம். துணிக்கடை பில் கவுன்ட்டரில், ஹோட்டல் வைஃபையில், வேலை தேடும் தளத்தில் போட்ட பயோடேட்டாவில். கொடுத்த இடம் நல்ல இடமாகவே இருந்திருக்கலாம், அங்கிருந்து திருடு போயிருக்கலாம். லிங்க்ட்இன் தளத்திலிருந்து 2012இல் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டன. நம் நாட்டில் பிக்பாஸ்கெட் வாடிக்கையாளர்கள் சுமார் 2 கோடிப் பேரின் விவரம் 2020இல் வெளியே போனது. இப்படிப் போன பட்டியல்கள் கைமாறிக்கொண்டே இருக்கும், ஒருமுறை ஏறிய முகவரி இறங்காது.

நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, அவருடைய முகவரிப் புத்தகத்தை அள்ளிப் போயிருந்தாலும் உங்கள் ஐடி அதில் இருக்கும். பொதுவான பெயரும் இரண்டு எண்ணும் சேர்ந்த ஐடி என்றால் ஊகித்தே அனுப்புவார்கள்.

உங்கள் முகவரி எந்தத் திருட்டில் சிக்கியது என்று பார்க்க "ஹேவ் ஐ பீன் போன்ட்" என்ற இலவசத் தளம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கியது. முகவரியை மட்டும் கொடுத்தால் போதும். பட்டியலில் வரும் தளங்களில் நீங்கள் வைத்திருந்த பாஸ்வேர்ட் வேறெங்கும் உபயோகத்தில் இருந்தால் இன்றே மாற்றுங்கள். முகவரி வெளியே போனதற்குக் கவலைப்பட்டுப் பயனில்லை, பாஸ்வேர்ட் போனதற்குக் கவலைப்பட்டே ஆக வேண்டும்.

கீழே இருக்கும் "அன்சப்ஸ்கிரைப்" பட்டனை அழுத்தலாமா? அழுத்தினால் இன்னும் அதிகமாக வரும் என்கிறார்களே?

அழுத்தலாம் என்பதும் சரி, கூடாது என்பதும் சரி, அனுப்பியவர் யார் என்பதைப் பொறுத்தது. நீங்கள் எப்போதோ பொருள் வாங்கிய கடை, பயணச்சீட்டு எடுத்த தளம், இவர்களுக்குத் தாராளமாக விலகல் கொடுக்கலாம். ஒரே நாளில் 5000க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், 2 நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும் என்று கூகுள் 2024இல் விதி கொண்டுவந்தது, யாஹூவும் அதே வழியில் போனது. ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த வசதி தெரியும். அதை அழுத்துவது மெயிலுக்குள் இருக்கும் லிங்க்கை அழுத்துவதைவிடப் பத்திரம்.

லாட்டரி, மாத்திரை, சீக்கிரப் பணம் என்று வருவதற்கு விலகல் கொடுக்காதீர்கள். "இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்" என்று அவனுக்குச் சொல்வதாகத்தான் ஆகும். ஸ்பேம் பட்டனை அழுத்துங்கள், அழிப்பதைவிட அது நல்லது. உங்களைப் போன்றவர்கள் அழுத்த அழுத்தத்தான் வடிகட்டி கற்றுக்கொள்கிறது.

நான் அனுப்பாத மெயிலெல்லாம் "டெலிவரி ஆகவில்லை" என்று எனக்குத் திரும்பி வருகிறது. என் கணக்கை யாரோ திறந்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மெயில் அனுப்பும் முறையின் விதிகள் 1982இல் எழுதப்பட்டவை. அன்று இந்த வலையில் இருந்தவர்கள் சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அதனால் அனுப்புநர் முகவரி உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடே அதில் இல்லை. இன்லேண்ட் லெட்டரின் பின்னால் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் அல்லவா, அதே கதைதான். மோசடிக்காரன் உங்கள் முகவரியை அனுப்புநராகப் போட்டு லட்சம் பேருக்கு அனுப்பியிருக்கிறான். அதில் செல்லாத முகவரிகளுக்குப் போனவை, அனுப்புநர் என்று நினைத்து உங்களுக்குத் திரும்பி வருகின்றன. உங்கள் பெயரில் உங்களுக்கே வரும் மெயிலும் இந்த வகைதான்.

இதைத் தடுக்கப் பிற்பாடு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று ஏற்பாடுகள் வந்தன. ஒரு டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) பெயரில் யார் அனுப்பலாம், அனுப்பியது வழியில் திருத்தப்படவில்லையா, பொய் என்றால் என்ன செய்வது என்று பெறும் பக்கத்துக்குச் சொல்பவை. ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, மெயிலின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி "ஷோ ஒரிஜினல்" கொடுத்தால் இந்த மூன்றுக்கும் எதிரே "பாஸ்" அல்லது "ஃபெயில்" என்று இருக்கும். ஃபெயில் என்றால் சந்தேகப்படலாம். பாஸ் என்றால் நம்பிவிடக் கூடாது. அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். அந்த டொமைனையே மோசடிக்காரன் விலைக்கு வாங்கியிருந்தாலும் பாஸ்தான்.

உறுதி செய்ய நான்கு இடம் பார்க்க வேண்டும். சென்ட் பெட்டியில் நீங்கள் எழுதாத மெயில் உண்டா? ஜிமெயில் பக்கத்தின் அடியில் வலது ஓரத்தில் "டீடெய்ல்ஸ்" என்று சிறிதாக இருப்பதில், தெரியாத ஊரிலிருந்து யாராவது திறந்திருக்கிறார்களா? செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் பகுதியில் உங்களுக்குத் தெரியாத முகவரி இருக்கிறதா? ஃபில்டர் பகுதியில் நீங்கள் போடாத ஃபில்டர் இருக்கிறதா? கடைசி இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை. கணக்குக்குள் ஒருமுறை புகுந்தவன் வங்கி மெயில்களின் நகல் தனக்கு வரும்படியோ அவை நேராகக் குப்பைக்குப் போகும்படியோ ஏற்பாடு செய்துவிட்டுப் போவான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கும். நான்கு இடமும் சுத்தமாக இருந்தால் திரும்பி வரும் மெயில்களை ஸ்பேமில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

என்னுடைய பாஸ்வேர்டையே தலைப்பில் எழுதி, "உன் கேமராவில் உன்னை அந்தரங்கமாகப் படம் பிடித்துவிட்டேன், பிட்காயினில் பணம் அனுப்பு, இல்லையென்றால் எல்லோருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டல் வந்திருக்கிறது. தூக்கம் போய்விட்டது.

பணம் அனுப்பாதீர்கள், பதில் எழுதாதீர்கள். இதே மெயில், எழுத்து மாறாமல், உங்களைப் போல் ஆயிரமாயிரம் பேருக்குப் போயிருக்கிறது. அந்த பாஸ்வேர்ட் எங்கிருந்து கிடைத்தது என்பதற்கு மேலே சொன்ன திருட்டுப் பட்டியல்களே போதும். கவனித்துப் பாருங்கள், அது பல வருடம் முந்தைய பாஸ்வேர்டாக இருக்கும். உங்கள் போன் எண்ணும் வீட்டு முகவரியும் சில மெயில்களில் வரும், அவையும் அதே வழியில் போனவைதான். கேமரா படம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு துண்டையாவது காட்டியிருப்பான். எந்தப் படமும் இல்லாமல் பாஸ்வேர்டை மட்டும் காட்டுகிறான் என்றால் அவனிடம் அதுமட்டும்தான் இருக்கிறது.

அந்த பாஸ்வேர்ட் இன்னும் எங்காவது உபயோகத்தில் இருந்தால் மாற்றுங்கள். பிறகு வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். இதில் பயத்தைவிட வெட்கம்தான் ஆளைக் கொல்கிறது, யாரிடமும் சொல்ல முடியாமல் பணத்தைக் கட்டுகிறவர்கள் அதனால்தான் கட்டுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கோ தம்பிக்கோ இப்படி வந்தது என்று தெரிந்தால் "என்ன பார்த்தாய்" என்று விசாரணை வைக்காதீர்கள், அவர்கள் பக்கத்தில் இருங்கள்.

வேறொரு நிலைமை உண்டு. முன்பின் தெரியாதவரோடு வீடியோ காலில் பேசி, அவர் உண்மையாகவே பதிவு செய்து அனுப்பிக் காட்டி மிரட்டுகிறார் என்றால் அது மொத்தமாக அனுப்பும் மெயில் அல்ல. அப்போதும் பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

மெயிலைத் திறந்து பார்த்தாலே வைரஸ் ஏறிவிடுமா?

இன்றைய ஜிமெயிலில், அப்டேட் செய்த பிரவுசரிலோ ஆப்பிலோ, வெறுமனே திறந்து படிப்பதால் ஏறுவது மிக அபூர்வம். லிங்க்கை அழுத்துவதும், இணைத்து வரும் கோப்பை (அட்டாச்மென்ட்) திறப்பதும், கேட்ட விவரத்தைக் கொடுப்பதும்தான் ஆபத்து. திறந்ததுமே படங்கள் இறங்கினால் நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று அனுப்பியவருக்குத் தெரியும் என்பது ஒரு குறை. ஸ்பேம் பெட்டியில் உள்ளதை ஜிமெயில் படம் காட்டாமல்தான் திறக்கும்.

எந்த அட்டாச்மென்டைப் பார்த்து பயப்பட வேண்டும்?

2000 மே மாதம், பிலிப்பைன்ஸில் ஒரு இளைஞர் எழுதிய வைரஸ் "ஐ லவ் யூ" என்ற தலைப்போடு உலகம் முழுதும் ஒரே நாளில் பரவியது. இணைப்பின் பெயர் காதல் கடிதம், அதன் முடிவில் டாட் டிஎக்ஸ்டி, அதற்கும் பின்னால் டாட் விபிஎஸ், அதாவது திறந்தால் ஓடும் புரோகிராம். விண்டோஸ் கடைசி எழுத்துகளைக் காட்டாமல் மறைத்துவிடும் என்பதால், பார்த்தவர்களுக்கு அது சாதாரண எழுத்துக் கோப்பாகவே தெரிந்தது. திறந்தார்கள். அது அவர்களுடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பியது. அப்போது அந்த நாட்டில் இதற்கான சட்டமே இல்லாததால் எழுதியவரைத் தண்டிக்க முடியவில்லை.

விண்டோஸ் இன்றும் வாங்கியபடியே வைத்திருந்தால் அந்த எழுத்துகளை மறைக்கத்தான் செய்கிறது. ஆகவே கம்ப்யூட்டரில் முதல் வேலையாக எதையாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, வியூ மெனுவில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்துவிடுங்கள். அதுவரை "இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்" என்று தெரிந்த கோப்பு, இப்போது "இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ" என்று தன் முழுப் பெயரைக் காட்டும். இஎக்ஸ்இ என்றால் அதுவும் புரோகிராம்தான். பிடிஎஃப் படம் போட்ட ஐகான் இருந்தாலும் நம்ப வேண்டாம், ஐகானை யாரும் ஒட்டிக்கொள்ளலாம்.

இஎக்ஸ்இ, ஜேஎஸ், விபிஎஸ் கோப்புகளை ஜிமெயிலே ஏற்பதில்லை. அதைத் தாண்டுவதற்காகத்தான் ஜிப் கோப்பில் பாஸ்வேர்ட் போட்டு, அந்த பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதி அனுப்புவார்கள். பூட்டிய ஜிப்புக்குள் வடிகட்டியால் எட்டிப் பார்க்க முடியாது. கோப்பையும் அதன் பாஸ்வேர்டையும் ஒரே மெயிலில் அனுப்புகிறவர் எதற்காகப் பூட்டினார் என்று யோசித்தாலே விளங்கிவிடும். ஹெச்டிஎம்எல் கோப்பு இணைத்து வந்தால் அது பெரும்பாலும் போலி லாகின் பக்கம். வேர்டு, எக்செல் கோப்பு திறந்ததும் "எனேபிள் கன்டென்ட்" அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோ (கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு புரோகிராம்) ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2022இல் தானாகவே தடுத்துவிட்டது, பழைய ஆஃபீஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காவல் கிடையாது. போனில் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பின் கோப்பு) என்று முடியும் எதையும், எந்தத் துறையின் பெயரில் வந்தாலும், போடக் கூடாது.

தெரிந்தவரிடமிருந்து வந்தாலுமா?

ஆமாம். எமோடெட் என்ற வைரஸ் ஒருவரின் பழைய மெயில் உரையாடலைத் திருடி, அதற்குப் பதில் எழுதுவது போலவே தன்னை இணைத்து அனுப்பியது. ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் பல நாட்டுப் போலீஸும் சேர்ந்து 2021 ஜனவரியில் அதன் சர்வர்களைக் கைப்பற்றினார்கள், அந்த வருடக் கடைசியிலேயே அது திரும்பி வந்தது. எதிர்பாராத கோப்பு என்றால் அந்த மெயிலுக்குப் பதில் எழுதிக் கேட்காமல் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். "அவசரமாகப் பணம் தேவை" என்று வந்தாலும் அப்படியே.

வருமான வரி ரீஃபண்ட் வந்திருக்கிறது என்று மெயில். உண்மையா பொய்யா எப்படித் தெரிந்துகொள்வது?

ரிட்டர்ன் தாக்கல் செய்யும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தக் கேள்வி அதிகம் வரும். நாமும் ரீஃபண்டை எதிர்பார்த்துக்கொண்டிருப்போம், அவனும் அதைத் தெரிந்துதான் அனுப்புகிறான்.

முகவரியை வலது பக்கத்திலிருந்து படிக்கப் பழகுங்கள். போனில் அனுப்புநர் பெயர் மட்டும்தான் தெரியும், அதைத் தொட்டால் முழு முகவரி விரியும். "இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் டாட் ரீஃபண்ட்-ஸ்டேட்டஸ் டாட் காம்" என்று இருந்தால் இடமிருந்து படிப்பவருக்கு அரசு முகவரி போலத் தெரியும். வலமிருந்து பார்த்தால் உண்மையான சொந்தக்காரர் "ரீஃபண்ட்-ஸ்டேட்டஸ் டாட் காம்". முன்னால் இருப்பதெல்லாம் அவர் விருப்பப்படி போட்ட ஒட்டு. அரசு முகவரி என்றால் கடைசியில் கவ் டாட் இன் என்றோ என்ஐசி டாட் இன் என்றோ முடிந்தாக வேண்டும். லிங்க்கையும் இப்படியே பாருங்கள். போனில் லிங்க்கை அழுத்திப் பிடித்தால் அது போகும் இடம் தெரியும். வங்கிகளின் இணையதளங்கள் "பேங்க் டாட் இன்" என்று முடியும் டொமைனுக்கு 2025 அக்டோபர் கடைசிக்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அது நமக்கு நல்ல அடையாளம்.

இதையெல்லாம் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரே வழி: மெயிலில் உள்ள எந்த லிங்க்கையும் தொடாமல், நீங்களே பிரவுசரில் முகவரியை அடித்து வரித்துறைத் தளத்துக்குப் போய் லாகின் செய்து பாருங்கள். ரீஃபண்ட் உண்மை என்றால் அங்கேயும் இருக்கும். பின் நம்பர், ஓடிபி, கார்டு எண் ஆகியவற்றை வரித்துறை மெயிலில் கேட்பதில்லை.

ஐயோ, ஏற்கெனவே அழுத்திவிட்டேன்.

அழுத்தியதோடு பக்கத்தை மூடிவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பாஸ்வேர்ட் அடித்துவிட்டீர்கள் என்றால் வேறொரு கருவியிலிருந்து உடனே அதை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் கொடுத்து, இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு போனிலும் உறுதி கேட்கும் டூ-ஸ்டெப் வசதி) போட்டு, மேலே சொன்ன நான்கு இடங்களையும் பாருங்கள். கார்டு விவரமோ ஓடிபியோ கொடுத்திருந்தால் முதலில் வங்கி, அடுத்து 1930. நிமிடக் கணக்கு இது, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பிடித்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கோப்பைத் திறந்து ஓடவிட்டுவிட்டீர்கள் என்றால் நெட்டைத் துண்டியுங்கள். பேக்கப் வைத்திருக்கும் பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் எதையும் சொருக வேண்டாம், அதுவும் சேர்ந்து கெடும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017இலிருந்து வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. அவற்றை வேறு கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு, பழக்கமுள்ளவர் உதவியோடு செய்யுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுவதுதான் என் யோசனை.

ஸ்பேம் பெட்டியைப் பார்க்கவே வேண்டாமா?

வாரம் ஒருமுறை தலைப்புகளை மட்டும் பாருங்கள். இன்டர்வியூ கடிதமும் பள்ளிக்கூட அறிவிப்பும் அங்கே போய் விழுவது உண்டு. 30 நாள் ஆனால் தானாக அழிந்துவிடும்.

கடைகளுக்குக் கொடுக்க வேறு ஐடி வைத்துக்கொள்ளலாமா?

கட்டாயம். வங்கி, வரி, பிஎஃப், இன்சூரன்ஸ் இவற்றுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. முதல் ஐடி எந்தக் கடைக்காரரின் நோட்டிலும் இருக்கக் கூடாது. இதைச் செய்துவிட்டால் ஒரு பெரிய சௌகரியம், இரண்டாவது ஐடிக்கு "உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது" என்று வந்தால் படிக்காமலே பொய் என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் வங்கிக்கு அந்த ஐடியே தெரியாது. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு ஒரு சொல் சேர்த்துக் கொடுத்தாலும் உங்களுக்கே வந்து சேரும், எந்தக் கடை உங்கள் முகவரியை விற்றது என்று கண்டுபிடிக்க உதவும். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது.

யாரிடம் புகார் செய்வது? சட்டம் இல்லையா?

அமெரிக்காவில் விளம்பர மெயிலுக்கென்றே 2003இல் சட்டம் வந்தது. நம் நாட்டில் மெயில் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1909க்குச் சொல்லி நிறுத்தும் வசதி போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும்தான். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஆனால் வைரஸ் புகுத்துவதும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். பிரிவு 66, 66டி இரண்டிலும் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

பணம் போயிருந்தால் 1930, அல்லது தேசிய சைபர் கிரைம் இணையதளம். பணம் போகாவிட்டாலும் மோசடி மெயிலை மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு அனுப்பலாம். ஜிமெயிலில் "ரிப்போர்ட் ஃபிஷிங்" கொடுப்பது இரண்டு நொடி வேலை, அதையாவது செய்யுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு இலங்கை செர்ட் இருக்கிறது. எங்கே புகார் செய்தாலும் மெயிலை அழிக்காமல் வையுங்கள், "ஷோ ஒரிஜினல்" பக்கத்தில் உள்ள விவரம்தான் ஆதாரம்.

அனுப்புகிறவர்களைப் பிடித்துவிட்டால் இதெல்லாம் நின்றுவிடாதா?

ஒருமுறை கிட்டத்தட்ட நின்றது. கலிஃபோர்னியாவில், ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்கு இடம் கொடுத்த மெக்கோலோ என்ற சர்வர் நிறுவனத்தின் இணைய இணைப்பை 2008 நவம்பரில் துண்டித்தபோது, உலகம் முழுதும் ஸ்பேம் ஒரே இரவில் பாதிக்கும் கீழே போனது. சில மாதத்தில் வேறு இடத்திலிருந்து மறுபடி கிளம்பிவிட்டது. முதல் விளம்பர மெயில் 1978 மே மாதம் அமெரிக்காவில் சுமார் 400 பேருக்குப் போனது, கம்ப்யூட்டர் விற்பதற்காக. வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள், விற்பனையும் நடந்தது. அனுப்பச் செலவு இல்லை, லட்சத்தில் ஒருவர் ஏமாந்தால் லாபம் என்கிற கணக்கு இருக்கும்வரை யாராவது அனுப்பத்தான் செய்வார்கள்.

பேசாமல் இந்த ஐடியையே விட்டுவிட்டுப் புதிது தொடங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அந்த ஐடி எத்தனை இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் முழுதாக நினைவிருக்காது. ஆதார், பான், வங்கி, பிஎஃப், பாஸ்போர்ட், எல்ஐசி, கேஸ், பிள்ளைகளின் கல்லூரி. "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் ஒவ்வொன்றும் அந்த ஐடிக்குத்தான் மெயில் அனுப்பும். 2 ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. யாஹூ 2013இல் அப்படிக் கிடந்த பழைய ஐடிகளை வேறு ஆட்களுக்கே கொடுத்தது. உங்கள் ஐடி வேறொருவருக்குப் போய், உங்கள் வங்கி மெயில் அவருக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

மாற்றியே தீர வேண்டும் என்றால் புதிய ஐடியைத் திறந்து, முதல் நாளே இரட்டைச் சரிபார்ப்பு போட்டு, மீட்பு போன் எண் இப்போது உங்களிடம் உள்ள சிம்தானா என்று பாருங்கள். பிறகு வங்கி, டீமேட், பான், வரித்துறை, பிஎஃப் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பழைய ஐடியை மூடாதீர்கள். அதன் மெயில்கள் புதியதற்கு வரும்படி ஃபார்வர்டிங்கும் போட வேண்டாம், குப்பையும் கூடவே வரும். மாதம் ஒருமுறை பழையதைத் திறந்து, ஸ்பேமைத் தவிர்த்து உண்மையாக யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் மட்டும் புதிய முகவரியைச் சொல்லுங்கள். ஒரு நிதியாண்டு முழுதும் இப்படிப் போகட்டும். ஃபார்ம் 16, எல்ஐசி பிரீமியம் ரசீது, ஃபிக்சட் டெபாசிட் முதிர்வு போன்றவை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்.